ஷீலாவின் இடது தோள்

குணசுந்தரி ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கப் போகிறாள் என்றால் முதலில் சுவரில் ஒரு மாஜோங் தாள் ஏறும். பள்ளிக்கூடத்திலும் கூட்டங்களிலும் ஒட்டுவார்களே, அந்தப் பெரிய வெள்ளைத் தாள். அதில் அடிமட்டம் வைத்துக் கட்டம் போடுவாள். இடப்பக்கம் கேள்விகள், மேலே போட்டியாளர்கள், கட்டத்துக்குள் சரிக்குறி அல்லது பெருக்கல் குறி. துணி துவைக்கும் மெஷின் வாங்கியபோதும் இப்படித்தான், காடி, அதாவது கார், வாங்கியபோதும் இப்படித்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பார்த்தபோதும் தாள் ஒட்டியிருப்பாள் என்று அவள் கணவர் மனோகரன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அவள் அதை இதுவரை மறுத்ததில்லை.

இந்த முறை தாளில் ஏறியது வீடியோ வெட்டி ஒட்டும் மென்பொருள்.

சுங்கை பட்டாணியின் பாக்கார் ஆராங் குடியிருப்பில் அவள் வீட்டை யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. கார் நிற்க வேண்டிய போர்ச்சில் தலையும் கையும் இல்லாத ஒரு பொம்மை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நிற்கும், அதுதான் வீடு. பொம்மையின் பெயர் ஷீலா. பெயர் வைத்தது மனோகரன். பார்சல் கொண்டுவந்த பையன் முதல் நாள் ஷீலாவிடம் கையெழுத்துக் கேட்டான் என்பதும் மனோகரன் கட்டிய கதைதான், ஆனால் அந்தத் தாமானில் பாதிப்பேர் அதை நம்புகிறார்கள்.

குணசுந்தரி பிறந்தது கித்தா எனப்படும் ரப்பர்த் தோட்டத்தில். பதினெட்டு வயதில் அங்கிருந்து கிளம்பி மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்து நான்கு வருஷம் அங்கேதான். கடைசிப் பதினாறு வருஷம் லைன் லீடர், அதாவது முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்ய, பின்னால் நடந்துகொண்டே தப்புக் கண்டுபிடிக்கிறவள். பிறகு ஒரு நாள் கம்பெனி அந்த லைனை அப்படியே தூக்கி வேறு நாட்டுக்குக் கொண்டுபோனது, குணசுந்தரியை மட்டும் இங்கே வைத்துவிட்டது. அவள் ஒரு வாரம் தூங்கினாள். எட்டாம் நாள் எழுந்து, கல்யாணப் பெண்களுக்குச் சேலை கட்டிவிடும் வேலையை ஆரம்பித்தாள். அது ஆறு வருஷத்துக்கு முன்னால்.

தொழிற்சாலை அவளை விட்டாலும் அவள் தொழிற்சாலையை விடவில்லை. இரண்டு பழக்கங்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. ஒன்று, வேண்டாததை அன்றைக்கே தூக்கிப்போட்டுவிடுவது. மேசையில் தேவையில்லாத ஓர் ஆணிகூட இருக்கக் கூடாது. மற்றொன்று டபிள்யு ஐ. ஒவ்வொருத்தி தலைக்கு மேலும் ஒரு படத்தாள் தொங்கும், ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன், அதுதான் டபிள்யு ஐ. எந்தச் சாமானை எந்தக் கையால் எடுத்து எங்கே வைப்பது என்று படம் படமாக அதில் இருக்கும். புதிதாக வருகிறவளுக்கு லைன் லீடர் குணசுந்தரி சொல்லும் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் ஒன்றுதான்: "படத்தப் பாரு, அதே மாரி செய், உன் மூளைய வீட்டுல வச்சிட்டு வா."

அந்த வாக்கியத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் ஒருத்தி உண்டென்றால் அது ஏழாம் இடத்தில் உட்கார்ந்த சந்திரிகா. பதினாறு வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு சாமான்கூடத் தப்பாகப் போனதில்லை. பேச்சும் அதிகம் கிடையாது. காலை ஷிப்ட் வேன் ஐந்தே முக்காலுக்கு வந்துவிடும். மகள் சுபாஷினி தூங்கிக்கொண்டிருக்கும்போதே சந்திரிகா வேனில் ஏறிவிடுவாள். பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் பக்கத்து வீட்டு அக்காள்தான்.

சுபாஷினி ஒன்றாம் வகுப்புக்குப் போன முதல் நாள், பக்கத்து வீட்டு அக்காள் எடுத்த படத்தைச் சந்திரிகா கேன்டீனில் காட்டினாள். நீலப் பாவாடைச் சட்டை, இரட்டைப் பின்னல், முன்பல் இல்லாத சிரிப்பு. காட்டிவிட்டுச் சந்திரிகா சோற்றை எடுத்து வாயில் வைக்காமல் பிசைந்துகொண்டே இருந்தாள். குணசுந்தரிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. தீபாவளி விருந்து வந்தால் லேடீஸ் டாய்லெட்டில் நின்று இருபது பேருக்குச் சேலை கட்டிவிடுகிறவள் அவள். அந்தத் தைரியத்தில் சொன்னாள்: "இங்க பாரு சந்திரி, உம்மவ கல்யாணத்துக்குக் கூறைச்சேலை நான்தான் கட்டிவிடுவேன். நீ ராணி மாரி உக்காந்து பாரு."

இருபது வருஷமாக அந்த வாக்கு அப்படியே இருந்தது. சந்திரிகா பெண்டாங் என்ற ஊருக்குக் குடிபோய், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை அடுப்படியில் வேலை பார்க்கிறாள். பேரன் பேத்தி எடுக்கும் வயது வந்த பிறகும் குணசுந்தரியை லீடர் என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைப்பிதழோடு வந்தாள். தேதியைப் பார்த்ததும் குணசுந்தரி எழுந்து சுவர் நாள்காட்டியிடம் போனாள். எட்டு மாசத்துக்கு முன்பே சுங்கை பட்டாணியில் வேறொரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதே நாள், அதே காலை, அதே முகூர்த்தம்.

"மொதல்ல வேற தேதி சொன்னியே சந்திரி."

"மாப்பிள அண்ணனுக்கு லீவு கெடைக்கல லீடர். அவங்க வீட்டுல மாத்திட்டாங்க."

இரண்டு மண்டபத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம். முன்கூட்டியே போய்க் கட்டிவிட்டு வரலாம் என்றால் அதுவும் முடியாது. கூறைச்சேலை மேடையில் தட்டில் போய், எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் செய்த பிறகுதான் பெண் கைக்கு வரும். அதற்கு முன்னால் மடிப்பைப் பிரிக்கக் கூடாது என்பது மாப்பிள்ளை வீட்டு வழக்கம். பெண் அதை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனால், இருபது நிமிஷத்தில் கட்டிக்கொண்டு திரும்பிவர வேண்டும். ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மந்திரம் சொல்வார். மேளக்காரர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அறைக் கதவையே பார்ப்பார்.

"அப்ப வேற ஆளப் பாக்கட்டுமா?" என்றாள் சந்திரிகா. கோபமில்லை, வருத்தத்தை மறைக்கிற குரல்.

"அன்னிக்கு எவளும் சும்மா இருக்க மாட்டா லா. பெரிய முகூர்த்தம்."

சந்திரிகா ஷீலாவின் சேலை மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நானே கட்டுறேன் லீடர். நீங்க எனக்கு டபிள்யு ஐ போட்டுக் குடுங்க. நேர்ல காட்டுனா பெண்டாங் போறதுக்குள்ள மறந்துரும். படமா இருந்தா பத்துவாட்டி பாத்துக்குவேன்."

இதைவிட ஓர் ஆளைக் கட்டிப்போட வேறு வழி கிடையாது. குணசுந்தரிக்கு ஒரே நேரத்தில் வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. கொடுத்த வாக்கைப் பாதியாவது காப்பாற்ற மூன்று வாரம் இருந்தது. மறுநாள் காலை மாஜோங் தாள் சுவரில் ஏறியது.

ஆளுக்கு ஒரு மென்பொருளைச் சிபாரிசு செய்தார்கள். குணசுந்தரி அவற்றை மூன்றாகக் குறைத்தாள். நிஜப் பெயர்கள் எல்லாம் வாயில் நுழையாதவை, அதனால் படத்தைப் பார்த்து அவளே பெயர் வைத்துக்கொண்டாள். கத்திரிக்கோல் படம் போட்டது கத்திரி. இன்னொன்றின் படத்தில் பல வண்ணத் தோகை மாதிரி இருந்ததால் மயில். மூன்றாவது, சினிமாக்காரர்களே பயன்படுத்துவது என்று எல்லாரும் மரியாதையோடு சொன்னதால், அது பெரியவர்.

ஏழு கேள்விகள் எழுதினாள். முதல் கேள்வி, தமிழ் எழுத்து உடையாமல் வருமா? அதைச் சோதிக்க அவள் வைத்திருந்த சொல் 'கொசுவம்'. சேலையில் முக்கியமே அதுதானே. கத்திரியில் அதைத் தட்டியதும் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கணவன் மனைவி சண்டை போட்டதுபோல் நின்றன. போதாக்குறைக்கு, இரண்டு துண்டை ஒட்டச் சொன்னால் நடுவில் சிவப்பு இதயங்களைப் பறக்கவிட்டது. கல்யாணப் படம் என்று அதுவாகவே கண்டுபிடித்துவிட்டதாம். பெருக்கல் குறி.

பெரியவரை மடிக்கணினியில் இறக்கவே அரை நாள் போனது. திறந்ததும் கணினியின் காற்றாடி போட்ட சத்தத்தில், யான் ஊர் வயலிலிருந்து நெல்லறுக்கும் இயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டதோ என்று மனோகரன் எட்டிப் பார்த்தார். திரை முழுக்கப் பொத்தான்கள். ஒரு துண்டை எப்படி வெட்டுவது என்று தெரிந்துகொள்ள, யாரோ ஒருவர் நாற்பது நிமிஷம் பேசிய பாடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பாடம் எடுப்பதற்காகப் பாடம் படித்து, அதைப் புரிந்துகொள்ள இன்னொரு பாடம் படித்து, மூன்றாம் நாள் குணசுந்தரி பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

"ஒரு காடி வாங்குறதுக்குக்கூட நீ இவ்ளோ கஷ்டம், இவ்ளோ சூசா படல குணா," என்றார் மனோகரன்.

"காடி ஓடலன்னா தள்ளிகிட்டுப் போவலாம். இது ஓடலன்னா பெண்ணு மேடைக்கு வர முடியாது."

மயில் தொலைபேசியிலேயே ஓடியது. கொசுவத்தை உடைக்கவில்லை. பாதி வேகத்தில் ஓட்டலாம், மடிப்பு விழும் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டலாம், மூலையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை, இதயம் எதையும் பறக்கவிடவில்லை. ஏழு கேள்விக்கும் சரிக்குறி. ஒரு பொத்தான் மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. இரண்டு முக்கோணம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு படம். அது கேள்வித்தாளில் இல்லாத விஷயம் என்பதால் அவள் தொட்டுப் பார்க்கவில்லை. மயில் ஜெயித்தது, சிவப்புப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டாள்.

அடுத்த நாளே படம் பிடித்தாள். மனோகரன் கையுறைத் தொழிற்சாலையில் டெக்னீஷியன், அன்று காலை ஷிப்ட். ஆளில்லாததால் தொலைபேசியை முக்காலியில் நிறுத்தி, தான் என்ன செய்கிறோம் என்பது தனக்கே தெரிய வேண்டுமென்று திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். ஷீலாவுக்குக் கட்டினாள். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினாள். தொண்டையைச் செருமிய இடத்தை வெட்டினாள், பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை வெட்டினாள், ஒரு மடிப்பு கையை விட்டு நழுவிய இடத்தை இரக்கமில்லாமல் வெட்டினாள். ஒவ்வொரு படிக்கும் மேலே பெரிய எழுத்தில் தமிழ் போட்டாள். நாலு நிமிஷம் பத்து வினாடியில் வழவழவென்று ஓடியது. கடைசியில் அவள் குரல், அதே பழைய அதிகாரம்: படத்தப் பாரு, அதே மாரி செய்.

சந்திரிகாவுக்கு அனுப்பினாள். அனுப்பி முடித்த கையோடு, மயிலுக்குள் இருந்த வேலையையும், எடுத்த துண்டுப் படங்களையும் மொத்தமாக அழித்தாள். வேண்டாததை வைத்திருந்தால் இடம்தானே கேடு. வாசலைக் கூட்டிவிட்ட திருப்தியோடு ஒரு தே ஓ, பாலில்லாத தேநீர், போட்டுக் குடித்தாள்.

நான்காம் நாள் பெண்டாங்கிலிருந்து ஒரு படம் வந்தது. சுபாஷினி ஒரு பழைய சேலையில் நிற்கிறாள். கொசுவம் ஏழும் அளந்து வைத்ததுபோல் ஒரே அகலம். இடுப்பில் ஒரு சுருக்கமில்லை. குணசுந்தரி மனோகரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருங்க, எங்கையால பழக்கினவ."

மனோகரன் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா முந்தானை ஏன் சோத்துக்கைப் பக்கம் தொங்குது?"

வலது தோள். சந்தேகமே இல்லை. சுபாஷினியின் முந்தானை வலது தோளில் கிடந்தது.

குணசுந்தரி உடனே அழைத்தாள். "சந்திரி, என்னா லா செஞ்சி வச்சிருக்க. முந்தானய எந்தப் பக்கம் போட்டிருக்க?"

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சி லீடர்," என்றாள் சந்திரிகா அமைதியாக. "சுபாகூடச் சொன்னா, எல்லாரும் இந்தப் பக்கந்தானே போடுவாங்கன்னு. நான்தான் சொன்னேன், டபிள்யு ஐ-ல அப்படித்தான் இருக்கு, லீடர் போட்டா சரியாத்தான் இருக்கும், புது பேஷனா இருக்கும்னு."

"நீ பொறந்ததுலேருந்து சேலயே பாத்ததில்லயா?"

"மூளைய வீட்டுல வச்சிட்டு வரச் சொன்னது நீங்கதானே."

"இரு, பாத்துட்டுக் கூப்புடுறேன்," என்றாள் குணசுந்தரி. வீடியோவைத் திறந்து பார்த்தாள். ஷீலாவின் வலது தோளில்தான் முந்தானை இருந்தது. தொலைபேசித் திரையைத் தன் பக்கம் திருப்பி, முன்பக்கக் கேமராவில் எடுத்தால் அது கண்ணாடியில் தெரிகிற மாதிரியே படத்தைப் பதிந்து வைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆறு வருஷமாகப் பெண்களைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தப்பாகவும் தெரியவில்லை. டையோடு என்று ஒரு சின்னச் சாமான் உண்டு, அரிசி அளவு. திருப்பி வைத்தால் போர்டே எரிந்துபோகும். அது திரும்பியிருப்பதை மூன்றடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள், ஐந்தரை மீட்டர் சேலை திரும்பிக் கிடந்ததைக் காணாமல் விட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. மனோகரன் இருக்கிறார் என்பதற்காக வெங்காயம் நறுக்கப் போனாள்.

பிறகு அந்த முறைக்கிற முக்கோணங்கள் ஞாபகத்துக்கு வந்தன. மயிலைத் திறந்து, அனுப்பிய வீடியோவை உள்ளே போட்டு, பொத்தானைத் தொட்டாள். ஷீலா சட்டென்று திரும்பினாள். முந்தானை இடது தோளுக்குப் போனது. ஒரு வினாடி உலகமே சரியாகிவிட்டது. அடுத்த வினாடி மேலே இருந்த தமிழைப் பார்த்தாள். அதுவும் திரும்பி, ஆம்புலன்ஸ் முகப்பில் இருக்கும் எழுத்துப்போல் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. எழுத்து இல்லாத துண்டுகள் இருந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. அவற்றைத்தான் அவள் வாசலோடு சேர்த்துக் கூட்டிவிட்டாளே.

கல்யாணத்துக்கு ஆறு நாள். நடுவில் அவளுக்கு இரண்டு கல்யாண வேலை, மனோகரனுக்கு ஒரே ஒரு ஓய்வு நாள்.

"எழுத்து திரும்பியிருந்தா என்னா, பரவால்ல லீடர், நான் சமாளிச்சிக்குவேன்," என்றாள் சந்திரிகா, மறுபடியும் அழைத்து விஷயத்தைச் சொன்னதும்.

"இல்ல. அன்னிக்கு அறையில இருபது நிமிஷந்தான் இருக்கும். ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தாலும் அம்புட்டுதான். நான் சரியா எடுத்துத் தர்றேன்."

அவள் மாஜோங் தாளுக்கு முன்னால் போய் நின்றாள். ஏழு சரிக்குறிகளும் அவளைப் பார்த்துச் சிரித்தன. ஏழு கேள்வியும் மென்பொருளைப் பற்றியவை. பார்க்கிறவள் எங்கே நிற்பாள் என்று ஒரு கேள்விகூட இல்லை. டபிள்யு ஐ படங்களை அந்தக் காலத்தில் எப்படி எடுப்பார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. உட்கார்ந்து வேலை செய்கிறவளின் தோளுக்குப் பின்னால் ஏறி நின்று எடுப்பார்கள். அவள் கண்ணுக்கு எது எந்தப் பக்கம் தெரிகிறதோ, தாளிலும் அதே பக்கம் இருக்கும். இருபத்து நான்கு வருஷம் அந்தத் தாள்களுக்குக் கீழே நடந்தவள் இதை மறந்துவிட்டு, மென்பொருளுக்குத் தமிழ்ப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மனோகரன் ஒரு நாற்காலி மேல் ஏறி, குணசுந்தரியின் தோளுக்குப் பின்னாலிருந்து தொலைபேசியின் பின்பக்கக் கேமராவைப் பிடித்தார். ஷீலாவின் இடது தோளில் ஒரு மஞ்சள் ரிப்பன் கட்டியாயிற்று. டையோடில் எந்த முனை எது என்று கோடு போட்டிருப்பார்களே, அதுபோல. இரண்டு தரம் நாற்காலி ஆடியது. ஒரு தரம் மனோகரன் தும்மினார். நாலாவது கொசுவம் மடிக்கும்போது, முன்பு நழுவிய அதே மடிப்பு மறுபடியும் நழுவி, மூன்று மடிப்பும் சேர்ந்து குலைந்து கீழே விழுந்தது. குணசுந்தரி நாக்கைக் கடித்துக்கொண்டு, இடதுகைக் கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்து, வலதுகையால் துணியை ஒரு உதறு உதறி, முதல் மடிப்பிலிருந்து திரும்ப அடுக்கினாள்.

"இத வெட்டிரணும்," என்றாள்.

"விடு, இருக்கட்டும்," என்றார் மனோகரன் நாற்காலி மேலிருந்து. "ஓடுற மெஷின யாரு வேணும்னாலும் காட்டலாம். நின்னுபோனா எப்படி ஓட்டுறதுன்னு காட்டு. எங்க வேலையில அதுக்குத்தான் என்னக் கூப்புடுறாங்க."

அவளுக்கு அதை ஒத்துக்கொள்ள மனமில்லை. நழுவுகிற கையை ஊருக்குக் காட்டுவதா? ஆனாலும் மயிலில் வெட்ட உட்கார்ந்தபோது, அந்த இடம் வந்ததும் விரல் நின்றது. பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தாள். உதறிய கை அழகாகத்தான் இருந்தது. மேலே 'நழுவினால் பயப்படாதே, இப்படி எடு' என்று எழுதி, அப்படியே விட்டாள். கடைசி வாக்கியத்தையும் மாற்றினாள். படத்தப் பாரு, அதே மாரி செய் என்பதோடு, சந்தேகம் வந்தா கேளு என்று சேர்த்தாள். இது ஏழு நிமிஷத்துக்கு ஓடியது. வழவழப்பு இல்லை. பின்னணியில் ஒரு தும்மல்கூட இருந்தது. சனிக்கிழமை பெண்டாங்கிலிருந்து வந்த படத்தில் முந்தானை இடது தோளில் இருந்தது.

கல்யாணத்தன்று சுங்கை பட்டாணி மண்டபத்தில் குணசுந்தரி தன் வேலையைப் பதினெட்டு நிமிஷத்தில் முடித்தாள். கை அதுபாட்டுக்குச் செய்தது. மனசு பெண்டாங்கில் இருந்தது. இந்நேரம் தட்டு சுற்றி வந்திருக்கும். இந்நேரம் அறைக்குள் போயிருப்பார்கள். பெண் மேடைக்குப் போனதும் வெளியே வந்து, மண்டபப் படிக்கட்டில் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டாள். உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. பெண்டாங்கிலும் அதே நேரம்தான் முழங்க வேண்டும். தொலைபேசி பேசாமல் கிடந்தது. மனோகரன் பசியாறக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்றாள்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு படமும் ஒரு குரல் பதிவும் வந்தன. படத்தில் அரக்குநிறக் கூறை, தாலியோடு சுபாஷினி. முதலில் தோளைத்தான் பார்த்தாள். இடது. பிறகு கொசுவம். ஏழு. அதன்பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். பெண் அழுதிருந்தாள், மை கொஞ்சம் கலைந்திருந்தது. குணசுந்தரிக்குப் பகீரென்றது. குரல் பதிவைத் தொட்டாள்.

"லீடர், முடிஞ்சிருச்சி. மேளம் தட்டுறதுக்கு ரெண்டு நிமிஷம் முந்தியே வந்துட்டோம். நடுவுல கொசுவம் நழுவிருச்சி. அறையில இருந்தவங்க எல்லாம் ஐயோன்னாங்க. நான் பயப்படல. நீங்க எப்படி ஒதறுனீங்களோ அப்படியே ஒதறி எடுத்தேன்." பிறகு குரல் தணிந்தது. "இவளுக்கு நான் ஒருநாள்கூட ஸ்கூல் உடுப்புப் போட்டு விட்டது இல்ல லா. உங்களுக்குத் தெரியும். இன்னிக்குப் பின்னு குத்தும்போது, அம்மா மெதுவா, குத்திறாதன்னா. சின்னப் பிள்ள மாரி. அப்பறம் ரெண்டு பேருக்கும் அழுக வந்துருச்சி. அதான் மை கலஞ்சிருச்சி, மன்னிச்சிக்குங்க."

குணசுந்தரி அதை மூன்று தரம் கேட்டாள். தான் வாக்குத் தவறியதற்காக மூன்று வாரமாகக் குறுகிப்போயிருந்தவள் அவள். அந்த வாக்கைக் காப்பாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. பதினெட்டு நிமிஷத்தில் கச்சிதமாகக் கட்டி முடித்திருப்பாள். சந்திரிகா ராணி மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வேறொருத்தி தன் மகளுக்கு உடுத்திவிடுவதைக் கடைசி முறையாகவும் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். நல்லது செய்வதாக நினைத்து, கேன்டீனில் அவ்வளவு பெரிய மனசோடு தான் கொடுத்த வாக்கு அதுதான். நல்லவேளை, போகாமல் இருந்தோமே என்று அவளுக்கு அப்படியொரு நிம்மதி வந்தது.

படத்தைச் சேமிக்கப் போனபோது, இடமில்லை என்றது தொலைபேசி. எதையாவது அழித்தால்தான் ஆகும். அதிக இடம் பிடிப்பவற்றை வரிசைப்படுத்திக் காட்டியது. முதலில் நின்றது மயிலுக்குள் இருந்த அந்த ஏழு நிமிஷ வேலை, வெட்டிய துண்டுகள் எல்லாவற்றோடும்.

மனோகரன் ஒரு பொட்டலத்தில் இட்டிலியும் சட்டினியும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எட்டிப் பார்த்தார்.

"அதான் கல்யாணம் முடிஞ்சிருச்சே. வேண்டாதத அன்னிக்கே தூக்கணும்பியே, தூக்கிரு."

குணசுந்தரி கத்திரியை அழித்தாள். இன்னும் இடம் போதவில்லை. போன தீபாவளிப் பலகாரப் படங்களை அழித்தாள், மனோகரன் அனுப்பிய காலை வணக்கங்கள் இருநூற்றையும் அழித்தாள், தன் கல்யாணநாளுக்கு எடுத்த ஒரு வீடியோவை அழித்தபோது பக்கத்தில் ஓர் இருமல் கேட்டது. அவள் நிமிரவில்லை. சுபாஷினியின் படம் உள்ளே போனது, சந்திரிகாவின் குரலும் போனது. மயிலில் அவள் கை வைக்கவே இல்லை.

"நழுவுறது எல்லாம் இருக்கு அதுல," என்றாள். "அடுத்த பெண்ணோட அம்மாவுக்கு வேணும்."